துரையை முதலில் விடாதே

நேற்று நீ போனில் கேட்டதற்குச் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். யார் என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான், உனக்கே தெரியும். பால்காரர் நாளைக்கு வர மாட்டேன் என்றாலும் சரி, பள்ளி அலுவலகத்தில் இன்னொருவர் வேலையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாலும் சரி. ஆனால் நீ கேட்டதற்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நேரில் பேசலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பவித்ராவும் படிக்கட்டும். அவளிடம் மறைக்க இதில் எதுவும் இல்லை. பார்க்கப்போனால் பாதிக்கு மேல் அவளைப் பற்றியதுதான்.

சந்தாபுராவில் நீ பிடித்திருக்கும் வீட்டுக்குக் கல்யாணம் முடிந்து அடுத்த மாதம் அவள் வரப்போகிறாள். அவள் வருவதற்கு முன்பே அந்த ஹாலில் கடல்நீர் மீன்தொட்டி வந்துவிட்டது. கட்டில் இன்னும் வரவில்லை, கேஸ் இணைப்பு வரவில்லை, தொட்டி மட்டும் வந்துவிட்டது. உன் அப்பாவின் மகன் நீ என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நேற்று நீ சொன்னாய்: "சித்தி, டேங்க் சைக்கிள் முடிஞ்சுது. அமோனியா ஜீரோ, நைட்ரைட் ஜீரோ. ஞாயித்துக்கிழமை பக்கெட்டோட வர்றேன். துரையைக் கூட்டிட்டுப் போறேன். புது வீட்ல முதல்ல அவர்தான் கால் வைக்கணும்." மீனுக்கு ஏதுடா கால் என்று நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, "குடுத்துடு, அவன் அம்மா வாங்கின மீன்தானே," என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒரே சரியாகச் சொன்னேன்.

இந்த முறை நீ பொறுமையாக இருந்தது எனக்கு ஆச்சரியம்தான். மீனே இல்லாமல், வெறும் பாறையையும் உப்புத்தண்ணீரையும் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தாய். மீனின் கழிவு விஷமாகாமல் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறைகளில் பிடித்து வளர்ந்தால்தான் தண்ணீர் மீனுக்கு ஆகும். அந்தக் காத்திருப்புக்குத்தான் நீங்கள் சைக்கிள் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். சோதனைக் குழாயின் நிறத்தைத் தினமும் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். அமோனியாவின் பச்சை மெல்ல மஞ்சளானது, நைட்ரைட்டின் ஊதா நீலமானது. அலுவலகத்தில் யாரும் பார்க்காதபோது அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தண்ணீர் தயாரானது ஒரு விஷயம், அதில் யாரை முதலில் விடுகிறோம் என்பது வேறு விஷயம். நம் வீட்டில் அந்த இரண்டாவதில்தான் தப்பு நடந்தது. யார்மேலும் பழி போட முடியாத தப்பு. அதனாலேயே யாரும் அதைத் திருத்தவும் இல்லை.

துரை இந்த வீட்டுக்கு வந்தபோது நான் இல்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் உன் அப்பா சொன்னதும் உன் அத்தை சொன்னதும்தான். ஏதோ ஒரு அலுவலகத்தைக் காலி செய்தபோது, அங்கே வயரிங் வேலை பார்த்த உன் அப்பாவிடம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நாலடித் தொட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். பாறை, பம்ப், மிச்சமிருந்த உப்பு மூட்டை எல்லாவற்றையும் கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றி, ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் இருக்கும் நம் சந்துக்குள் கொண்டுவந்து, ஐந்து பேர் பிடித்து மாடி ஏற்றினார்களாம். அந்த நாளில் புதுத் தண்ணீரைப் பழக்க முதலில் முரட்டு மீன் ஒன்றை விடுவதுதான் வழக்கம். "இதை விடுங்க, எதுக்கும் சாவாது," என்று கடைக்காரர் கறுப்பு டேம்சல் மீன் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் விபூதிப் பொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, முதுகின் இரு பக்கமும் ஒவ்வொன்று. கடையில் அதைக் கை காட்டியது அக்கா. உன் அம்மாவை நான் அக்கா என்றுதான் சொல்கிறேன். அவரைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் வேறு எப்படிச் சொல்வது? தீனி போடும்போது ஒரு அதிகாரியைப்போல் மெதுவாக வந்து பார்த்துவிட்டுத் தின்னுமாம். அதனால் அக்காதான் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார். அது சாகவில்லை. ஒரு வருஷத்துக்குள் காய்ச்சலில் அக்கா போய்விட்டார்.

உனக்கு ஏழாம் வகுப்பு நடக்கும்போது நான் வந்தேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டம்தான் என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது. பெண் பார்க்க வந்தபோது உன் அத்தை எல்லோரும் கேட்கும்படி, "பி.காம் படிச்சிருக்கா, தெரியுமில்ல? நம்ம பையனுக்கு டியூஷன் மிச்சம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் சிரிக்காமல் கதவோரம் நின்றாய். கல்யாணத்தன்று காலையில் கூறைப்புடவையை அக்கா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்டிக்கொண்டேன். உத்தரவு கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டேன். படம் என்ன சொல்லும்? நல்ல உயரமானவர் என்று மட்டும் அந்தப் படத்திலேயே தெரிந்தது.

அந்த உயரம் என்னவென்று சமையலறைக்குள் போன பிறகு புரிந்தது. எல்லாச் சாமானும் மேல் அலமாரியில் இருந்தன. அக்கா கை நீட்டினால் எட்டும் இடத்தில். நான் குள்ளம். டீத்தூளுக்கு ஒரு முறை, மிளகாய்த்தூளுக்கு ஒரு முறை என்று நாளெல்லாம் முக்காலியில் ஏறி இறங்கினேன். எது எங்கே என்பதும் தெரியாது. உன் அப்பாவைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. அதனால் உன்னைத்தான் கேட்பேன். "புளி எங்க?" "மேல." "சல்லடை?" "மேல." நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வாய். சாமான்களைக் கீழே இறக்கி வைத்திருந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அந்த டப்பாக்களை எல்லாம் அக்கா அந்த வரிசையில் அடுக்கியிருந்தார். அதில் கை வைக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, வைக்கலாமா என்று நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் முக்காலியோடு போனது. அந்த இரண்டு வருஷத்துக் களைப்பு இன்னும் என் முட்டியில் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் உன் அப்பா எனக்கென்று ஒரு மீன் வாங்கித் தந்தார். நினைவிருக்கிறதா? ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன், விரல் நீளம்தான். "இது உன்னோடது," என்றார். எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பையை மிதக்கவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பதமாகத்தான் விட்டோம். துரை பாறைக்குப் பின்னாலிருந்து அம்புபோல் வந்தது. அடுத்த நாள் காலையில் என் மீன் தொட்டியின் மேல் மூலையில், பம்புக்குப் பக்கத்தில், வாலைக் கீழே தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தது. துடுப்பு கிழிந்திருந்தது. தீனிக்குக்கூட இறங்கி வரவில்லை. கடைக்காரரைக் கேட்டதற்கு, "ஸ்வல்ப நாள் வெரட்டும் மேடம், அப்புறம் அட்ஜஸ்ட் ஆயிடும்," என்றார். அதே வாரம் எங்கள் அம்மாவும் போனில், "மொதல்ல அப்படித்தான் இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றார். மீன் அட்ஜஸ்ட் ஆகவில்லை, செத்துப்போனது. கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். நீ வந்து பார்த்துவிட்டு, "துரைக்குப் பிடிக்கல," என்று மட்டும் சொன்னாய். நீ குரூரமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னாய்.

அடுத்து வந்தது ஃபயர் ஃபிஷ். வெள்ளை உடம்பு, வாலுக்குப் போகப் போகச் சிவப்பு, முதுகிலிருந்து ஒரு நீண்ட முடிபோல் துடுப்பு. பயந்த மீன். ஏதாவது நிழல் விழுந்தாலே பொந்துக்குள் போய்விடும். ஆனால் துரை எல்லாப் பொந்தையும் தன்னுடையது என்றுதான் வைத்திருந்தது. ஒரு வாரம் கழித்து, பெருக்கும்போது தொட்டியின் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதை எடுத்தேன். மேலே மூடி இல்லாததால் துள்ளி வெளியே விழுந்து காய்ந்து கிடந்தது. வீட்டைவிட்டு ஓடிப்போன மாதிரி. அதன் பிறகு இரண்டு மூன்று மீன் வந்தன, போயின. ஒரு நாள் உன் அப்பாவின் நண்பர், "அந்தக் கறுப்பனைக் கடையில திருப்பிக் குடுத்துடுப்பா," என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. உன் அப்பா உன் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அந்தப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. துரையின்மேல் குற்றம் இல்லையப்பா. அதைக் காலித் தொட்டியில் தனியாக விட்டோம். முழுத் தொட்டியும் தன்னுடையது என்று அது கற்றுக்கொண்டது. வேறு என்ன கற்றுக்கொள்ளும்?

எனக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்த பிறகு, அங்கிருந்த கம்ப்யூட்டரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீன் வளர்ப்பைப் பற்றிப் படிப்பேன். பேச வராதவர்களுக்குப் படிப்பது ஒரு வழி. டேம்சல் எவ்வளவு முரடானாலும் அது காப்பது தன் இடத்தைத்தான், இடம் மாறிவிட்டால் சண்டைக்குக் காரணம் குறைந்துவிடும் என்று படித்தேன். அதைக் கொஞ்ச நாள் அதே தண்ணீருக்குள் தடுத்து வைத்துவிட்டு, பாறைகளை எல்லாம் மாற்றி அடுக்கி, புது மீன்களை விட்டு, அவை இடம் பிடித்த பிறகு கடைசியாகத் திறந்துவிட வேண்டும். எப்போதும் உடனே பலிக்கும் என்று இல்லை, முயன்று பார்க்கலாம் என்று இருந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் தயார் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தீனி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றேன்.

"துரையை யாருக்கும் குடுக்கப் போறதில்ல," என்றுதான் ஆரம்பித்தேன். "அவர் இங்கயேதான் இருப்பார். கொஞ்ச நாள் மட்டும் தனியா. அதுக்குள்ள பாறையெல்லாம் இடம் மாத்திடணும்."

"எதுக்கு?"

"இப்ப அவருக்கு இது முழுக்க மனப்பாடம். மாத்திட்டா அவரும் புதுசு, வர்றவங்களும் புதுசு."

நீ தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஜெயிலா?"

"ஜெயில் இல்ல. ஆஸ்பத்திரி மாதிரி."

"ஜெயில்தான்," என்றாய். "ஆனா பெயில் உண்டு."

துரையைப் பிடிக்க எல்லாப் பாறையையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பாதித் தண்ணீர் டிரம்மில், மீதி நம் இருவர்மேலும் தரையிலும். நீ ஒரு வலை, நான் ஒரு வலை. "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்! உங்க கிட்டதான் வருது!" என்று நீ கத்தினாய். நான் பயத்தில் வலையை விட்டுவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேறு பெட்டி இல்லாததால், அரிசி களையும் பிளாஸ்டிக் கூடையில் துரையைப் போட்டு, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, தொட்டியிலேயே மிதக்கவிட்டோம். சாயங்காலம் வந்த உன் அத்தை, "அடிப்பாவி, அரிசி களையற கூடையில மீனா? இனிமே இந்த வீட்ல சோத்துல கை வைக்க மாட்டேன்பா," என்றார். வைத்தார். குழம்பு கேட்டு இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நீ எழுந்திருக்கும் முன் சமையலறையில் நின்றேன். கூடை இல்லாமல் அரிசி களைய வேறு பாத்திரம் தேட வேண்டியிருந்தது. மறுபடி முக்காலி. அதில் ஏறி நின்று அந்த டப்பாக்களைப் பார்த்தேன். முந்தின நாள் பாறைகளைத் தூக்கித் தூக்கிக் கை வலித்துக்கொண்டிருந்தது. பெரிய தைரியம் எதுவும் வந்துவிடவில்லை, மறுபடி ஏற முடியாது என்று இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். டீத்தூள், சர்க்கரை, மிளகாய்த்தூள், புளி எல்லாம் என் கைக்கு எட்டும் தட்டுக்கு வந்தன. பெரிய பாத்திரங்கள் மேலே போயின. அக்காவின் டப்பாக்கள்தான், ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. நீ டீ போட்டுக்கொள்ள வந்தாய். பழக்கத்தில் மேல் அலமாரியைத் திறந்தாய். அங்கே குக்கர் இருந்தது. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். பிறகு திரும்பி, "சித்தி, டீத்தூள் எங்க?" என்று கேட்டாய்.

இரண்டு வருஷமாக நான்தான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நீ என்னைக் கேட்டாய். உனக்கு அது நினைவில் இருக்காது. இருக்க வேண்டும் என்றும் இல்லை. "கீழ் தட்டுல, கைப்பக்கம்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அந்த வாரமே ஒரு ஜோடி க்ளவுன் வாங்கி விட்டோம். பத்து நாள் போல் கழித்துத் துரையைத் திறந்துவிட்டபோது, அது தன் பழைய பொந்தைத் தேடித் தொட்டி முழுக்கச் சுற்றியது. பொந்து இல்லை. க்ளவுன்கள் இடது மூலையைப் பிடித்துவிட்டிருந்தன. இரண்டு முறை போய் முட்டிப் பார்த்தது, பிறகு வலது பக்கம் ஒரு பாறைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஜோடியும் இருக்கிறது. நட்பு என்று சொல்ல மாட்டேன். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியும்.

இதை எல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் பவித்ரா பீன்யாவிலிருந்து அவள் அம்மாவோடு நம் வீட்டுக்கு வந்த நாள். நீங்கள் இருவரும் தொட்டி முன்னால் நின்றீர்கள். நான் தட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கவனிக்காத இடங்களில் நின்று நின்று, எல்லாவற்றையும் கவனிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அவள் கண்ணாடியில் விரலை வைத்தாள். துரை பாய்ந்து வந்து முட்டியது. "ஏய், உங்க ஆளு என்னை மிரட்டறாரு பாரு," என்று சிரித்தாள். நீ, "எங்க அம்மா வாங்கினது," என்றாய். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம டேங்குக்கு நான் ஒண்ணு செலக்ட் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். நீ அன்பாகத்தான் பதில் சொன்னாய்: "முதல்ல துரை போகட்டும். அப்புறம் அவருக்கு செட் ஆகற மாதிரி பார்த்துக்கலாம்." அவள் சரி என்றாள்.

அந்தச் சரி எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான்.

பிறகு அவள் சமையலறைக்கு வந்தாள். என்னைவிடப் பத்துப் பதினொரு வயதுதான் சின்னவள். "ஆன்ட்டின்னு கூப்பிடறதா, அத்தைன்னா?" என்று கேட்டுவிட்டு, அவளே அத்தை என்று முடிவு செய்துகொண்டாள். "அத்தை, இதுல உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டாள். இந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. க்ளவுன் என்றேன். அவள் போனைத் திறந்து தனக்குப் பிடித்ததைக் காட்டினாள். வெள்ளை உடம்பு, சிவப்பு வால், முதுகில் முடிபோல் நீண்ட துடுப்பு. நம் வீட்டில் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த அதே ஃபயர் ஃபிஷ். "சூப்பரா இருக்கில்ல அத்தை? ஆனா இது துரைக்கு செட் ஆகுமான்னு தெரியல," என்றாள். உனக்கு முன்னாலேயே அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். தனக்குப் பிடித்ததிலிருந்து துரைக்குப் பிடிக்காததைக் கழித்துப் பார்க்கும் கணக்கு. கல்யாணத்துக்கு முன்பே.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள். துரையை முதலில் விடாதே. உன் தொட்டி மூன்றடிதான். அதில் துரை போனால் வேறு யாரும் இருக்க முடியாது. சாந்தமானவை முதலில், முரடு கடைசியில், இதுதான் ஒழுங்கு. முதலில் அவள் காட்டிய ஃபயர் ஃபிஷ் ஒன்று போகட்டும். தொட்டியின் மேல் வலை போட மறக்காதே, துளைகள் சின்னதாக இருக்கட்டும். பயந்த மீனுக்கு யாரும் இல்லாத தொட்டியில் தன் பொந்தைத் தானே பார்த்துக்கொள்ள நேரம் கொடு. அது வெளியே வந்து தைரியமாகத் தின்ன ஆரம்பித்த பிறகு தண்ணீரைச் சோதித்துவிட்டு ஒரு ஜோடி சின்ன க்ளவுன். அதன் பிறகும் காத்திரு. ஒவ்வொரு மீன் வரும்போதும் கழிவு கூடும், அந்த நுண்ணுயிர்கள் அதற்கு ஈடுகொடுக்க நாள் வேண்டும். ஒரே நாளில் பை பையாக வாங்கி வராதே, உன் அப்பா மாதிரி. பச்சையும் நீலமுமாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும் மாண்டரின் மீனைக் கடைக்காரர் கண்டிப்பாகக் காட்டுவார். புதுத் தொட்டியில் அது தின்னும் சின்னஞ்சிறு பூச்சிகள் இருக்காது, பட்டினியில் சாகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்று, உப்புத்தண்ணீரை ஊற்றாதே. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். தெரியாமல் மறுபடி மறுபடி உப்பைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒன்றும் உயிரோடு மிஞ்சாது. இதை மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

துரையை நான் தர மாட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. உன் அம்மா வாங்கிய மீன், உன் சித்தி தர மாட்டேன் என்கிறாள். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு என்ன உரிமை என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் நான் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக இதன் தண்ணீரை மாற்றுகிறேன். நீ வேலைக்குப் போன பிறகு கேன் தூக்கிப் படி ஏறுவதும் நான்தான். கண்ணாடி துடைக்கக் கை விட்டால் இன்றைக்கும் வந்து கடிக்கிறது. அதன் நெற்றிப் பொட்டு இப்போது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது, பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்த வயதில் வாளியில் குலுங்கிச் சந்தாபுரா வரைக்கும் போய், புது இடத்தில் மறுபடி எல்லோரையும் விரட்டி, எதற்கு? அதுவும் களைத்திருக்கிறது, நானும் களைத்திருக்கிறேன். நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம். அக்காவின் நினைவு உனக்கு வேண்டும், அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு போ, டப்பாக்களில் எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு போ. ஆனால் பவித்ரா காலடி வைக்கும் முன்பே அந்த வீட்டின் எல்லா மூலையையும் யாரோ பிடித்து வைத்திருக்கக் கூடாது. அக்கா இருந்திருந்தாலும் அப்படி நினைத்திருக்க மாட்டார். அவர் டப்பாக்களை மேலே அடுக்கியது எனக்கு எட்டக் கூடாது என்றா? அவருக்கு அங்கே எட்டியது, அவ்வளவுதானே.

பின்னால் ஒரு நாள், உன் தொட்டி நிலைத்து, மற்றவை எல்லாம் இடம் பிடித்த பிறகு, ஒரு பெரிய தொட்டி வாங்கினால், அப்போது பவித்ராவாக வந்து துரையைக் கேட்டால் தருகிறேன். நீ கேட்டால் தர மாட்டேன். அவள் கேட்டால் தருவேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. அவளையும் கூட்டிக்கொண்டு வா. பக்கெட் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் மீன் கடைக்குப் போங்கள், உள்ளே போனதும் நீ கொஞ்சம் பின்னால் நின்றுகொள், அவள் கை காட்டட்டும். வீடு மாறியதும் சமையலறையை அவள் எப்படி அடுக்கினாலும், எங்கள் வீட்டில் இப்படித்தான் என்று ஒரு முறைகூடச் சொல்லாதே. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நீ கொஞ்ச நாள் தடுமாறு, ஒன்றும் ஆகிவிடாது. ஒரு நாள் நானும் அப்பாவும் வருவோம். டீ போடுகிறேன் என்று நான் எழுந்துபோய் அந்தச் சமையலறை வாசலில் நிற்பேன். டீத்தூள் டப்பா என் கண்ணுக்கு நேரே இருந்தாலும், அது எங்கே என்று கேட்பேன். உனக்குத் தெரிந்திருந்தாலும் நீ வாயைத் திறக்காதே. அவள் சொல்லட்டும்.